பதில் சொல்வது யார்?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் கிளையின் அமைப்பாளரான ரயில்வே எழுத்தர் தோழர் ஆற்றிய உரை. தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி எழுத்து வடிவில் வெளியிடுகிறோம். - ஆசிரியர் குழு)



நான் பெரிய பேச்சாளன் அல்ல. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, பத்தாவது தேறி, ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பிறகு இலாகா பரீட்சை எழுதி கிளார்க் ஆனவன். என் மேஜைக்கு முன்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது. அந்த ஜன்னல் வழியாகத்தான் இருபது வருஷமாக உலகத்தைப் பார்த்து வருகிறேன். ஆகவே அந்த ஜன்னலில் இருந்தே தொடங்குகிறேன்.

இன்று நமது பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேரலாம், எந்த வேலையை விடலாம், இந்தப் பையனைக் கட்டலாமா, அண்ணன் மீது கேஸ் போடலாமா என்று பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல், பெயரும் முகமும் தெரியாத ஆயிரம் பேரிடம் கேட்கிறார்கள். பதிலும் வருகிறது. ஐந்து நிமிஷத்தில் ஐம்பது பதில்! இதைப் பார்த்து நமது பெரியவர்கள் "காலம் கெட்டுப் போச்சு" என்கிறார்கள். இளைஞர்களோ "உங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

ஜன்னலில் வந்த கேள்வி

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். வரிசை வாசல் வரை நிற்கிறது. ஒரு பையன் வந்தான். பீகார்க்காரன். இருபது வயது இருக்கும். பாட்னா பக்கம் ஏதோ ஊருக்கு ஜெனரல் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். பணத்தை எடுத்தான், நீட்டவில்லை. "சாஹப், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. தம்பி வரச் சொல்கிறான். போனால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் போகட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டான்.

தோழர்களே, யாரிடம் கேட்கிறான் பாருங்கள்! அவன் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவனுக்குத் தெரியாது. நடுவில் கண்ணாடி. பின்னால் நாற்பது பேர் "சலோ, சலோ" என்று கத்துகிறார்கள். நான் சொன்னேன்: "போயிட்டு வா தம்பி. வேலைக்கு என்ன, இன்னொண்ணு கிடைக்கும். அம்மா கிடைப்பாளா?" அவன் பணத்தை நீட்டினான், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டோம் என்று. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. "வேலை கிடைக்கும்" என்று சொன்னவன் யார்? ஒன்றாம் தேதி ஆனால் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன்! அவன் வேலை போனால் எனக்கு என்ன நஷ்டம்? அவன் தாயைப் பார்த்தானா, திரும்பி வந்தானா, வந்து எந்த வாசலில் நின்றான், இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வார்த்தை சரியா தப்பா என்பதைத் தெரிந்துகொள்ளும் வழியே எனக்கு இல்லை. தெரியாததால் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

தமிழில் "பதில் சொல்வது" என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. கேட்ட கேள்விக்கு விடை சொல்வது ஒன்று. "நாளைக்கு ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?" என்று நம் வீட்டில் கேட்கிறோமே, அது இன்னொன்று. முதல் அர்த்தத்தில் நான் அந்தப் பையனுக்குப் பதில் சொன்னேன். இரண்டாவது அர்த்தத்தில் நான் பதில் சொல்லவே இல்லை. என் பேச்சின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

பாந்த்ராவில் ஒரு நாள்

2020-ஆம் வருஷத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. மார்ச் 22-க்குப் பிறகு பயணிகள் ரயில் நின்றது. 25-ஆம் தேதி முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் நோயாளி. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். பட்டறை மூடிக் கிடக்கிறது. கூலி இல்லை. ஒவ்வொருவன் மனதிலும் ஒரே கேள்வி: இங்கே இருப்பதா, ஊருக்குப் போவதா?

ஊரடங்கு ஏப்ரல் 14-ஆம் தேதியோடு முடியும் என்று முதலில் அறிவித்திருந்தார்கள். 15-க்குப் பிறகான பயணத்துக்கு முன்பதிவும் ஏற்கப்பட்டு வந்தது. 14-ஆம் தேதி காலையில் பிரதமர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார்: மே 3 வரை நீட்டிப்பு. அன்று மாலை பாந்த்ரா ரயில் நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் வந்து நின்றார்கள். ரயில் விடப்போகிறார்கள் என்று கைக்குக் கை பரவிய பேச்சை நம்பி வந்தவர்கள் பலர். ரயில் இல்லை. போலீஸ் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தது. தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் உண்மையில் ஓடத் தொடங்கியது மே 1-ஆம் தேதிதான்.

அந்த மக்களை முட்டாள்கள் என்று சிலர் ஏசினார்கள். நான் ஏசமாட்டேன். பசித்தவன் கேள்வி கேட்கிறான். பதில் சொல்ல வேண்டியவர்கள் - முதலாளி, அரசாங்கம், ரயில்வே, சங்கம் - அவனுக்குப் புரிகிற பாஷையில் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தது யார்? பெயர் தெரியாத ஒரு செய்தி. யார் எழுதினார், எங்கிருந்து எழுதினார் என்று தெரியாது. ஆனால் அது அவன் பாஷையில் இருந்தது, அவன் விரும்பியதைச் சொன்னது. நம்பினான். அடி விழுந்தபோது அந்தச் செய்தியை அனுப்பியவன் முதுகில் ஒரு அடியாவது விழுந்ததா?

ஆகவே நான் முதலில் சொல்வது இது: மக்கள் முகம் தெரியாதவர்களிடம் கேட்பது அவர்கள் குற்றமல்ல. பதில் சொல்ல வேண்டிய ஜன்னல்கள் மூடியிருந்தால், திறந்திருக்கிற ஜன்னலில்தான் மனிதன் போய் நிற்பான்.

இந்த வழக்கம் புதிதல்ல

செல்போன் வந்துதான் இந்தப் பழக்கம் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1691-இல் லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி 'அதீனியன் மெர்க்குரி' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார. யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்பலாம். விஞ்ஞானமும் கேட்டார்கள், வேதமும் கேட்டார்கள், காதல், கல்யாணமும் கேட்டார்கள். பெண்களும் கேட்டார்கள். கற்றறிந்தோர் சபை ஒன்று கூடி விடை தருவதாக அறிவிப்பு. உண்மையில் சபை எது? டன்டன் ஒருவர், கணிதம் தெரிந்த ரிச்சர்ட் சால்ட் என்பவர் ஒருவர், சாமுவேல் வெஸ்லி என்ற பாதிரியார் ஒருவர். பெரும்பாலும் இந்த மூன்று நான்கு பேர்தான்! ஊரெல்லாம் அதைப் பெரிய பண்டித சபை என்று நம்பியது. முகம் தெரியாதபோது மூன்று பேர் முந்நூறு பேராகத் தெரிவார்கள். இன்றைக்கும் ஒரே ஆள் பத்துப் பெயரில் பதில் எழுதலாம். தந்திரம் பழையது, கருவிதான் புதியது.

இதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க் நகரத்தில் ரஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்கப் போன யூதத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். தையல் பட்டறை, ஒண்டுக் குடித்தனம், வாடகைக் கட்டில் - நம் கதையேதான். அவர்களுடைய யித்திஷ் மொழியில் 'ஃபோர்வெர்ட்ஸ்' என்று ஒரு சோஷலிச நாளேடு 1897-இல் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஆபிரகாம் காஹன் 1906-இல் ஒரு பகுதி ஆரம்பித்தார். 'பிந்தெல் ப்ரீஃப்' என்று பெயர். ஒரு கட்டுக் கடிதம் என்று அர்த்தம். பிழைக்க வந்தவர்கள் தங்கள் சிக்கலை எழுதுவார்கள். பெயர் போடமாட்டார்கள். பத்திரிகை பதில் சொல்லும்.

என்ன கேட்டார்கள்? நான் சோஷலிஸ்ட், மதநம்பிக்கை உள்ள குடும்பத்தில் பெண் எடுக்கலாமா? வீட்டு வேலையோடு இரவுப் பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறேன், கணவர் தடுக்கிறார், என்ன செய்ய? ஒரு வாலிபன் எழுதினான்: நான் விரும்பும் பெண்ணுக்கு முகவாயில் குழி இருக்கிறது, அப்படிப்பட்டவளின் முதல் கணவன் சீக்கிரம் செத்துப் போவான் என்கிறார்கள், கட்டலாமா? கோளாறு அவள் முகவாயில் இல்லை, அதை நம்புகிறவர்கள் மண்டையில்தான் என்ற கருத்தில் பத்திரிகை பதில் போட்டது. செவ்வாய் தோஷம் பார்த்துப் பெண்ணைத் தள்ளி வைக்கிற நமக்கு இந்தப் பதில் இன்றைக்கும் பொருந்துமல்லவா?

குடும்பத்தைத் தவிக்க விட்டு ஓடிப்போன கணவன்மார்களின் படங்களை அந்தப் பத்திரிகை வரிசையாக வெளியிட்டது. கைவிடப்பட்ட பெண்களுக்காக வேலை செய்த அமைப்போடு சேர்ந்து அவர்களைத் தேடியது. 1920-களில் அந்த ஏடு 2 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கேட்டவர் பெயர் வெளியே தெரியாது. ஆனால் பதில் சொன்னவருக்கு விலாசம் இருந்தது. தப்பாகச் சொன்னால் மறுநாள் வாசலில் போய் நிற்கலாம். கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒரே பாஷை, ஒரே பட்டறை, ஒரே போராட்டம். பதில் சொன்னவர் அன்றோடு போய்விடவில்லை. வேலைநிறுத்தம் வந்தால் கூட நின்றார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

மாட்டின் எடை

"ஆயிரம் பேரைக் கேட்டால் அதில் உண்மை கிடைக்காதா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஆதாரமாக ஒரு பழைய கதையைச் சொல்வார்கள். 1906-இல் இங்கிலாந்தில் பிளைமவுத் என்ற ஊரில் கால்நடைச் சந்தை. ஒரு கொழுத்த மாட்டைக் காட்டி, இதை அறுத்துச் சுத்தம் செய்தால் எத்தனை பவுண்டு தேறும் என்று போட்டி வைத்தார்கள். சீட்டு ஆறு பென்னி. பிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி அந்தச் சீட்டுகளை வாங்கி ஆராய்ந்து 1907-இல் எழுதினார். செல்லத்தக்க சீட்டு 787. அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் மதிப்பைப் பார்த்தால் 1207 பவுண்டு. மாட்டின் உண்மை எடை 1198 பவுண்டு. வித்தியாசம் 9 பவுண்டு, அதாவது நாலு கிலோ!

அப்படியானால் கும்பலின் புத்தி பெரியதுதானே? பொறுங்கள். அது ஏன் பலித்தது என்று பாருங்கள். ஒன்று, ஒவ்வொருவனும் அடுத்தவன் சீட்டைப் பார்க்காமல் தனியாக எழுதினான். இரண்டு, காசு கொடுத்து எழுதினான். வாய்க்கு வந்ததை எழுதினால் அவன் காசுதான் போகும். மூன்று, வந்தவர்களில் கசாப்புக்காரரும் பண்ணைக்காரரும் இருந்தார்கள். நான்கு, கடைசியில் ஒரு தராசு இருந்தது.

நம் வீட்டுக் கேள்விக்கு இதில் எது இருக்கிறது? "அண்ணன் சொத்தில் பங்கு தரமாட்டேன் என்கிறான், கோர்ட்டுக்குப் போகட்டுமா?" இதை எந்தத் தராசில் நிறுப்பது? பதில் சொல்கிறவனுக்குச் செலவு ஒரு பைசா இல்லை. அண்ணனையும் தம்பியையும் அவன் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் வந்த பதிலையும் அதற்கு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறான்.

2013-இல் 'சயின்ஸ்' என்ற ஆராய்ச்சி இதழில் ஒரு சோதனையின் முடிவு வந்தது. செய்திகளைப் பற்றி மக்கள் கருத்து எழுதி, பிடித்ததற்கு ஓட்டுப் போடும் ஒரு இடத்தில், 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் சிலவற்றுக்கு மட்டும், எழுதியவுடனே ஆராய்ச்சியாளர்களே ஒரே ஒரு ஆதரவு ஓட்டைப் போட்டு வைத்தார்கள். கருத்து நல்லதா கெட்டதா என்று பார்க்கவில்லை, குலுக்கல் முறைதான். முடிவில் அந்தக் கருத்துகளுக்குக் கிடைத்த மதிப்பு மற்றவற்றைவிடச் சராசரி 25 சதவீதம் அதிகம். ஒரே ஒரு கள்ள ஓட்டு! பின்னால் வந்தவர்கள் முன்னால் கிடந்த ஓட்டைப் பார்த்தே ஓட்டுப் போட்டார்கள். தேர்தலில் வேலை செய்த தோழர்களுக்கு இது புது விஷயமல்ல. நம் ஆள் நாலு பேர் முன்வரிசையில் கைதட்டினால் பின்வரிசை தானாகத் தட்டும்.

ஆக, ஆயிரம் பதில் என்பது ஆயிரம் புத்தி அல்ல. பல சமயம் அது முதல் பத்துப் பேரின் புத்தி, ஆயிரம் வாயால் திரும்பச் சொல்லப்படுவது. அந்த இடத்தை நடத்துகிற கம்பெனிக்கோ விளம்பரத்தில் வருமானம். நிதானமான பதிலைவிடச் சூடான பதிலுக்குக் கூட்டம் கூடும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? "கொஞ்சம் பொறு, பேசிப் பார்" என்ற பதில் கீழே போகும். "விட்டு வெளியே வா", "விடாதே, கேஸ் போடு" என்ற பதில் மேலே மிதக்கும்.

நம் பகுதியில் நடந்தது

தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்த நம் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். மூன்று மாதக் கூலி பாக்கி. இராத்திரி செல்போனில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டிருக்கிறான். "கூலிக்கு ஈடாகச் சரக்கை எடுத்துக்கொண்டு போய்விடு, உனக்கு உரிமை இருக்கிறது" என்று ஒருவன் எழுத, பலர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். பையன் பன்னிரண்டு பைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். காலையில் திருட்டுப் புகார். நாம் வாங்க வேண்டிய கூலிப் பேச்சு போய், ஜாமீன் பேச்சு வந்தது. யோசனை சொன்னவனைத் தேடினால் அந்தப் பெயரே இல்லை, அழித்துவிட்டுப் போய்விட்டான். கூலியை வாங்கிக் கொடுக்க நமக்கு எட்டு மாதம் ஆனது. முதல் நாளே வந்திருந்தால் தொழிலாளர் இலாகாவுக்கு எழுத்து மூலம் மனு, கூட வேலை செய்தவர்கள் சாட்சி, பட்டறை வாசலில் பத்துப் பேர் - இவ்வளவுதான் வேலை.

"ஏண்டா எங்கிட்ட வரலை?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அண்ணாச்சி, பட்டறைக்காரர் நம்ம சங்கத்துக்கு நன்கொடை தாராருல்லா." எனக்கு வாயடைத்துப் போயிற்று. தோழர்களே, அவன் சொன்னது உண்மை. ரசீது நம்மிடம் இருக்கிறது.

இனி என் வீட்டுக் கதை. மறைப்பதற்கில்லை, மகளின் சம்மதத்தோடு சொல்கிறேன். என் மகள் பன்னிரண்டாவது முடித்தாள். ஊரில் என் அக்கா மகனுக்குக் கேட்கிறார்கள். அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. எனக்கோ, இரவு வேலை, ஆஸ்பத்திரி, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற தயக்கம். மேடையில் பெண் விடுதலை பேசுகிறவன்தான் நான்! ஒரு நாள் அவளே வந்து சொன்னாள். பெயர் சொல்லாமல் ஓரிடத்தில் கேட்டிருக்கிறாள், நூற்றுச் சொச்சம் பதில் வந்திருக்கிறது என்று. காட்டினாள். "உன் அப்பா ஒரு கொடுமைக்காரர், வீட்டைவிட்டுப் போய்விடு" என்று ஏகப்பட்ட பேர். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை எனக்கு.

கோபத்தில் கேட்டேன்: "ஊரே எங்கிட்ட வந்து யோசனை கேக்குது. நீ எவங்கிட்டயோ போய்க் கேட்டிருக்கியே?" அவள் நிதானமாகச் சொன்னாள்: "உங்ககிட்ட கேட்டா நீங்க யோசனை சொல்ல மாட்டீங்கப்பா, முடிவைச் சொல்லிடுவீங்க. சங்கத்துல அக்காமார்கிட்ட கேட்டா சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும். அங்கன்னா நான் யாரு, எந்தத் தெரு, என்ன சாதின்னு யாரும் கேக்கலை."

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நூற்றுச் சொச்சம் பதிலில் ஒன்று, நர்ஸ் வேலையில் இருக்கும் ஒரு பெண் எழுதியது. போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரவு ஷிப்ட் எப்படி இருக்கும், மூன்று வருஷ டிப்ளமாவுக்கும் நாலு வருஷப் பட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் எழுதிவிட்டு, பணம் கட்டும் முன் மாநில நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா பார் என்று எழுதியிருந்தாள். ஒரு தரகர் சொன்ன இடத்துக்கு நான் முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தேன். போய்ப் பார்த்தோம். பட்டியலில் அது இல்லை! முகம் தெரியாத அந்தப் பெண் என் குடும்பத்தின் பணத்தையும் என் மகளின் மூன்று வருஷத்தையும் காப்பாற்றினாள். அவளுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன். என் மகள் இப்போது பட்டியலில் உள்ள ஒரு இடத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

பழைய சாவடி வேண்டாம்

பெரியவர்கள் சொல்வார்கள்: "ஊரில் சாவடி இருந்தது, ஆலமரம் இருந்தது, நாலு பெரியவர்கள் இருந்தார்கள்." இருந்தார்கள், சரி. அந்தச் சாவடியில் யார் உட்கார்ந்தார்கள், யார் வெளியே கைகட்டி நின்றார்கள்? பெண்ணுக்கு அங்கே பேச இடம் உண்டா? திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்தத் தாராவிக்கு வந்து தோல் பதனிட்ட நம் தாத்தாக்கள் பலர், வயிற்றுக்காக மட்டுமா வந்தார்கள்? அந்தச் சாவடியை விட்டுத் தப்பவும்தான் வந்தார்கள். ஆகவே, பெயர் தெரியாமல் கேட்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. பெயர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும், சாதி தெரிந்தால் பதில் மாறும். இந்த நிலைமை நம் சங்கத்துக்குள் அறவே இல்லை என்று நெஞ்சில் கைவைத்து யாராவது சொல்ல முடியுமா?

சாவடியில் கேட்பவனும் தெரிந்தவன், பதில் சொல்பவனும் தெரிந்தவன். அதனால் எளியவன் வாய் திறக்க முடியவில்லை. செல்போனில் கேட்பவனும் தெரியாதவன், பதில் சொல்பவனும் தெரியாதவன். அதனால் யாரும் பொறுப்பேற்பதில்லை. நமக்கு வேண்டியது மூன்றாவது வழி. கேட்பவருக்குப் பெயர் வேண்டாம். பதில் சொல்பவருக்குப் பெயர் வேண்டும்.

மூன்று வகைக் கேள்விகள்

இளந்தோழர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தை. கேள்விகள் மூன்று வகை.

முதல் வகை, எங்கோ ஒரு புத்தகத்திலோ ஆபீசிலோ திட்டமான விடை உள்ள கேள்வி. சாளுக்யா எக்ஸ்பிரஸ் என்றைக்கு ஓடும்? ரேஷன் கார்டு மாற்ற என்ன காகிதம் வேண்டும்? குடிசை மறுசீரமைப்பில் 1-1-2000-க்கு முந்தைய ஆதாரம் எதெல்லாம் செல்லும்? யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் பணம் கட்டும் முன், கையெழுத்துப் போடும் முன், அதற்குப் பொறுப்பான ஜன்னலில் ஒருமுறை சரிபாருங்கள். ரயிலுக்கு 139 இருக்கிறது. தப்பு நடந்தால் புகார் எழுத வழி இருக்கிறது. "வீட்டிலிருந்தே வேலை, முதலில் இரண்டாயிரம் கட்டுங்கள்" என்று முகம் தெரியாதவர் சொன்னால் கட்டாதீர்கள். கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இரண்டாவது வகை, பலருடைய அனுபவம் உதவுகிற கேள்வி. நர்ஸ் வேலை எப்படி இருக்கும்? வளைகுடா நாட்டில் டிரைவர் வாழ்க்கை என்ன? இதற்கு முகம் தெரியாதவர்களும் உதவுவார்கள், நான் சொன்ன அந்தப் பெண்ணைப் போல. ஆனால் "நான் செய்யட்டுமா?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் செய்தபோது என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தீர்ப்பு வேண்டாம், அனுபவத்தை வாங்குங்கள்.

மூன்றாவது வகை, முடிவின் சுமை உங்கள் தலையிலும் உங்களோடு இருப்பவர்கள் தலையிலும் விழுகிற கேள்வி. கல்யாணம், வேலையை விடுவது, வேலைநிறுத்தம், வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து. இதை முடிவு செய்யும்போது ஒரே ஒரு சோதனை: யோசனை சொல்கிறவர் நாளைக் காலையில் உங்களோடு நிற்பாரா? நிற்பார் என்றால் அவர் சொல்லைக் கேளுங்கள், அவர் படிக்காதவராக இருந்தாலும் சரி. நிற்கமாட்டார் என்றால், அவர் சொல்வது அறிவாளியின் பேச்சாக இருந்தாலும் காதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

1960-களின் கடைசியில் இந்த நகரத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் கிளம்பியபோது, கடையைத் திறப்பதா மூடுவதா, பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவதா என்று நம் பெரியவர்கள் இரவெல்லாம் கூடிப் பேசினார்களாம். என் தகப்பனார் சொல்வார். முடிவு சரியோ தப்போ, பேசியவர்கள் எல்லோரும் மறுநாள் அதே சந்தில்தான் இருந்தார்கள்.

ஒரு தீர்மானம்

குறை சொல்லிவிட்டு இறங்குவது அமைப்பாளன் வேலையல்ல. ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். நம் படிப்பகத்தில் ஒரு கேள்விப் பெட்டி வைப்போம். யாரும் பெயரில்லாமல் சீட்டுப் போடலாம். தமிழில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு இந்தியும் மராத்தியும்தான் கைவருகிறது, அதிலேயே எழுதட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று பேர் பெட்டியைத் திறக்கட்டும். அவர்களில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். நிர்வாகிகள் யாரும் வேண்டாம், நானும் வேண்டாம். கையெழுத்தைப் பார்த்து "இது யார் வீட்டுப் பெண்?" என்று ஆராயக் கூடாது. படித்ததும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும்.

பதிலை நம் மாத இதழில் போடுவோம். பதில் சொல்பவர் தன் பெயரைப் போட்டே சொல்ல வேண்டும். தெரிந்ததைச் சொல்ல வேண்டும், தெரியாததற்கு எந்த ஆபீஸ், எந்த வக்கீல், எந்த டாக்டர் என்று வழி காட்ட வேண்டும். முடிவைக் கேட்டவரிடமே விட வேண்டும். மூன்று மாதம் கழித்து "என்ன ஆயிற்று?" என்று அதே பக்கத்தில் கேட்க வேண்டும். நம் யோசனை தப்பாகப் போயிருந்தால் அதையும் அச்சிட வேண்டும்.

இன்னொன்று. தொழிலாளி புகார் கொடுக்க வாய்ப்புள்ள எந்தப் பட்டறையிலிருந்தும் இனி சங்கம் நன்கொடை வாங்கக் கூடாது. இது கசப்பாக இருக்கும். பொங்கல் விழாவுக்குப் பந்தல் சின்னதாகிவிடும். ஆகட்டும்! பந்தல் சின்னதானால் நெருங்கி உட்காருவோம். சங்கத்துக்கு வர அந்தப் பையன் தயங்கியது போல இன்னொரு பையன் தயங்கக் கூடாது.

கடைசியாக, என் ஜன்னலுக்கே வருகிறேன். போன மாதம் ஒரு ஆள் வந்தான். சோலாப்பூர்ப் பக்கத்துக்காரன். டிக்கெட் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட அந்தப் பீகார்ப் பையன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டான். பின்னால் வரிசை அதே மாதிரி கத்தியது. நான் சொன்னேன்: "பாவு, இந்த ஜன்னல்ல டிக்கெட்தான் குடுக்க முடியும். எட்டு மணிக்கு எனக்கு டூட்டி முடியுது. வெளிய டீக்கடையில நில்லு, பேசுவோம்." நின்றான். பேசினோம். அவனோடு வேலை செய்பவன் ஒருவனுக்குப் போன் போட்டு, ஒரு வாரத்துக்கு அவன் இடத்தில் யார் நிற்பது என்று பார்த்தோம். என் போன் நம்பரைக் கொடுத்தேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டான்.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான். இந்தத் தீர்மானத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.

(கேள்விப் பெட்டி பற்றிய யோசனை கைதட்டலோடு ஏற்கப்பட்டது. நன்கொடை பற்றிய யோசனை நீண்ட விவாதத்துக்குப் பின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. உறுப்பினர்கள் தவறாமல் வருக.)